பின்சீட்டில் ஓர் இதயம்

இனிமேல் எதற்கும் பயப்படுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானம் செய்தேன். நல்ல தீர்மானம். ஆயுள் முழுக்கக் காப்பாற்ற வேண்டிய தீர்மானம். குக்கர் முதல் விசில் அடிக்கும்வரை காப்பாற்றினேன்.

நான் பிறக்கும்போதே பயந்தவள் இல்லை. பாப்பா பிறந்தபோது கூடவே பிறந்தது பயம். ஆஸ்பத்திரியில் அதை இரட்டைப் பிரசவம் என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பாப்பா அழுதால், ஏன் அழுகிறாள் என்று பயம். அழாவிட்டால், ஏன் அழவில்லை என்று பயம். தூங்கினால், மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். விரல் பட்டு விழித்துக்கொள்வாள். விழித்தால் அழுவாள். அழுதால், முதல் பயத்துக்குத் திரும்பவும்.

இதையெல்லாம் கட்டிய கணவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். எனக்கு வாய்த்தவர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு வாத்தியார். மாணவர்கள் வைத்த பெயர் எலும்பு சார். எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரு மண்டை ஓடு இருக்கிறது. பிளாஸ்டிக்தான் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் தலையில்தான் மாட்டுவார். இருட்டில் பார்த்தால் அவரே இளைத்துப்போய் நிற்கிற மாதிரி இருக்கும்.

அவரிடம் போய்ப் பயமாக இருக்கிறது என்றால், எந்த உறுப்பில் என்று கேட்பார்.

"ஏங்க, எனக்கு ஈரக்குலையே நடுங்குதுங்க."

"ஈரல்னு ஒண்ணு இருக்கு. குலை இல்ல. அது என்ன வாழைத்தாரா?"

"வயித்தைக் கலக்குது."

"வயிறா, குடலா? விரல் வெச்சுக் காட்டு."

"நெஞ்சு வாய்க்கு வந்துடுச்சுங்கறேன்!"

"வராது. நடுவுல தொண்டை இருக்கு. அடைச்சுக்கும்."

"ஐயோ, எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை!"

"கை எப்பவுமே ஓடாது. கால்தான் ஓடும்."

இதுகூடப் பரவாயில்லை. இடது வலது விஷயத்தில்தான் உயிரை எடுப்பார். "சர்க்கரை டப்பா வலது பக்க அலமாரியில இருக்கு, எடுங்க" என்று சொல்லிவிட முடியாது. "உன்னோட வலதா, அலமாரியோட வலதா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார். பால் பொங்கி வழிந்துவிடும். உடற்கூறில் அப்படித்தானாம். எதிரே நிற்கிறவரைப் பார்க்கும்போது நம் வலது கைப் பக்கம் தெரிவது அவருடைய இடது பக்கம். அதனால் படமானாலும் பிணமானாலும், பார்க்கிறவர் பக்கம் கணக்கில் சேராது. உடம்பின் பக்கம்தான் பக்கம். கல்யாணமான புதிதில் "உன் வலது கன்னத்துல குழி விழுது" என்றார். நான் வெட்கப்பட்டுக் கண்ணாடியில் தேடினேன். அதற்குள் அவர் குழிக்குக் காரணமான தசையைப் பற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அலுவலகத்தில் கொடுத்த பிரசவ விடுமுறை முடியப்போகிறது. அலுவலகம் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். குழந்தைகள் காப்பகமும் அந்தப் பக்கம். அப்படியென்றால் பாப்பா தினமும் மேம்பாலம் தாண்ட வேண்டும். எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர். அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் பாப்பா, ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்த வெள்ளரிக்காய் மாதிரி.

ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு நாள் போனோம். பாலத்தின் உச்சியில் பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. பாப்பா துள்ளினாள். ஒரு காலுறை கழன்று பறந்து லாரிக்கு அடியில் போய்விட்டது. காலுறைதான். உள்ளே கால் இல்லை. ஆனாலும் நான் போட்ட சத்தத்தில் லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி, தன் வண்டிக்கு அடியில் தானே குனிந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"பாப்பாவை இனிமே ஸ்கூட்டர்ல ஏத்த மாட்டேன். கார் வாங்குங்க."

"கார் முதுகெலும்புக்குக் கெடுதல்."

"ஸ்கூட்டர் மட்டும் நல்லதா?"

"ஸ்கூட்டர் நிமிர்ந்து உட்கார வைக்கும். கார் கூன் போட வைக்கும். கார் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் மனுஷன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறான்."

"பரவாயில்லை. நான் இடுப்பைப் பிடிச்சுக்கறேன். பாப்பா உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கறதுக்கு அது தேவலை."

"உயிரைக் கையில பிடிக்க முடியாது. உயிர் ஒரு உறுப்பு இல்ல."

இப்படியாக அவர் ஒவ்வொரு எலும்பாக முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைச் செய்தித்தாளில் அந்த விளம்பரம் வந்தது.

முழுப்பக்க விளம்பரம். சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம். உள்ளே ஒரு காரின் பின்சீட்டு. அதில் ஒரு பெண். மடியில் குழந்தை. இருவர் உடம்பும் கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. விலா எலும்புகள் முத்துக் கோத்த மாதிரி. நடுவே சிவப்பாக, விளக்குப் போட்ட மாதிரி, இதயம். கீழே ஒரே ஒரு வரி: "பின்சீட்டில் இருப்பது உங்கள் இதயம்."

என் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒரு விளம்பரக்காரருக்கு என் மனசு எப்படித் தெரிந்தது? ஓடிப்போய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க! இந்தக் கார்தான். இதுதான் எனக்கு வேணும்."

அவர் வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. எனக்கும் வந்தது. அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். என் பிரகாசம் அணைந்தது.

"இந்த வரியே தப்பு. இதயம் பின்சீட்ல இருக்காது. மார்பெலும்புக்குப் பின்னாடி, ரெண்டு நுரையீரலுக்கு நடுவுல இருக்கும்."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க."

"பேச்சுக்கு இதயத்தை இடம் மாத்துவாங்களா? சரி, கழுத்தை எண்ணு. எட்டு எலும்பு. மனுஷனுக்கு ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கே ஏழுதான். இந்தம்மாவுக்கு எட்டு!" ஒரு வட்டம் போட்டார். "கட்டைவிரல்ல மூணு துண்டு. ரெண்டுதான் இருக்கணும்." இன்னொரு வட்டம். "தோள்கிட்ட காறை எலும்பு எங்கே? காணோம். காறை எலும்பு இல்லாதவ குழந்தையை எப்படித் தூக்குவா?"

"அதான் மடியில வெச்சிருக்காளே."

"விலா எலும்பு... பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு... பதிமூணு! ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டுதான்டி! எங்கேயிருந்து வந்தது இது?"

நான் கான்வென்டில் படித்தவள். எனக்குத் தெரிந்த ஒரே உடற்கூறு, வேதபாட வகுப்பில் சிஸ்டர் சொன்னதுதான். "ஆண்டவர் முதல் ஆம்பளையோட விலா எலும்பு ஒண்ணை எடுத்துத்தான் முதல் பொம்பளையைச் செஞ்சாராம். ஒருவேளை அதைத் திருப்பிக் குடுத்திருப்பாரோ என்னவோ."

"திருப்பிக் குடுக்கற வசதி இருக்கா?" என்று என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த வட்டத்தைப் போட்டார். "இது இன்னும் மோசம். குழந்தைக்கு முழங்கால் சில்லை எலும்பா வரைஞ்சிருக்கான். கைக்குழந்தைக்கு அங்கே எலும்பே கிடையாது."

"என்னது! நம்ம பாப்பாவுக்குமா?"

"எல்லாப் பாப்பாவுக்கும்தான். வெறும் குருத்தெலும்பு."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் தொட்டிலருகே இருந்தேன். இரண்டு முழங்காலையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். பாப்பா சிரித்தாள். கொழகொழவென்றுதான் இருந்தது. முழங்காலில் எலும்பில்லாத குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றியிருக்கிறேன்! எனக்கு ஏற்கனவே இருந்த பயங்களின் வரிசையில் இரண்டு முழங்கால்கள் போய் நின்றன.

நான் திரும்பி வந்தபோது அவர் உச்சக்கட்டத்தில் இருந்தார். சோபா மீது ஏறாத குறை.

"எல்லாத்துக்கும் சிகரம் இதுதான். பாரு. இதயம் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"யாரோட இடது?"

"என்னோட."

"அப்போ அவளோட?"

"...வலது."

"வலது பக்கம் இதயம்! கல்லீரலைத் தூக்கி இடது பக்கம்! மொத்த உடம்பையும் மாத்திப் பூட்டியிருக்கான்." இதயத்தைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டார். " பின்னாடி ஜன்னல் வழியா ஒரு கடைப் பலகை தெரியுது பாரு, அதுல ஒரு எழுத்தாவது எழுத்தா? சும்மா கிறுக்கல். சுத்திக் கறுப்புக் கட்டம் வேற, கண்ணீர் அஞ்சலிக்குப் போடற மாதிரி."

"ஐயோ, வாயைக் கழுவுங்க!"

"இதயத்தை வலது பக்கம் வெச்சவன் பிரேக்கை எங்கே வெச்சிருப்பான்? சொல்லு. அவன் செஞ்ச கார்ல என் குழந்தையை ஏத்துவேனா?" படத்தின் மூலையில் நூற்றுக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டார். அந்த மூன்றும் மூக்குக்கு. மூக்கு சரியாக இருந்ததாம்.

அந்த நேரத்தில்தான் மாடி வீட்டு அக்கா வந்தார். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் எங்களுடையது, வாசிப்பது அவர்.

"பேப்பர் படிச்சாச்சா?"

"படிக்கலை அக்கா. திருத்தியாச்சு" என்றேன்.

அக்கா சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். அம்மை போட்ட மாதிரி இருந்தது படம். "ஏன் சார், இவ்வளவு தப்பு சொல்றீங்களே, அதுல ஒண்ணுகூடவா சரியா இருக்காது?"

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றார். எப்போதும் போல அக்காவை நேராகப் பார்க்காமல், காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

"மேடம் சாட்சி. நான் போட்ட வட்டத்துல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, தப்பில்லைன்னு இவ நிரூபிக்கட்டும். மறுநாளே இதே காரை வாங்கி வாசல்ல நிறுத்தறேன்!"

அன்று மாலையே விளம்பரத்தைக் கத்தரித்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்க வேண்டுமாம். போதாக்குறைக்கு அதைப் படமெடுத்துக் கொண்டுபோய் வகுப்பில் கேள்வியாகவே கொடுத்துவிட்டார்: 'இப்படத்தில் உள்ள பிழைகளைக் காண்க.' ஒரு மாணவன் 'வண்டியின் விலை குறிப்பிடப்படவில்லை' என்று எழுதியிருந்தானாம். அவனுக்கு முட்டை.

மறுநாள் துணி காயப்போடப் போனபோது மாடிப்படியில் அக்காவைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவர். பிரேக்கை மிதிக்கிற மாதிரி என் அழுகையை ஒரே வார்த்தையில் நிறுத்தினார்.

"அவர் வாங்க மாட்டார் கண்ணு."

"ஏன் அக்கா?"

"பயம்."

"அவருக்கா? பயம்னா எந்த உறுப்புன்னு கேக்கற மனுஷனுக்கா?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்டதான் கத்துக்க வந்தார். இடது பக்கம் திருப்புங்க சார்னு சொன்னேன். திருப்பலை. 'யாரோட இடது? என்னோடதா, வண்டியோடதா?'ன்னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டியே பதில் சொல்லிடுச்சு. என் பூந்தொட்டி பூரா காலி. அன்னிக்கு இறங்கி ஓடினவர்தான். அதுக்கப்புறம் என் முகத்தையே பார்க்கறதில்லை."

காலண்டர் மர்மம் விளங்கியது. முதுகெலும்பு, காறை எலும்பு, முழங்கால் சில்லு எல்லாம் பூந்தொட்டியை மறைக்க வைத்த தட்டிகள்!

"அப்போ பாப்பா?" என்றேன்.

"நீ ஓட்டு."

"நானா! நான் லிஃப்ட்ல ஏறவே பயப்படுவேன் அக்கா!"

"பயந்தவதான் ஒழுங்கா ஓட்டுவா. பயப்படலைன்னு சொல்லிக்கறவங்கதான் பூந்தொட்டியை உடைக்கறாங்க. நாளைக்கு மத்தியானம் வா."

போனேன். பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகப் பயம். கூட்டிக்கொண்டு போகவும் பயம். இரண்டு பயத்தையும் தராசில் வைத்துப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போனேன். அக்கா தன் மகன் சின்னவனாக இருந்தபோது வாங்கிய குழந்தை இருக்கையைப் பின்சீட்டில் கட்டிவைத்திருந்தார். பாப்பாவை அதில் வைத்துப் பட்டை மாட்டினோம். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு காலி மைதானம். அங்கேயும் நான் இரண்டு முறை ஹாரன் அடித்தேன். எறும்புக்கு.

இன்னொரு சிக்கல். கான்வென்டில் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"அக்கா..."

"கையை ஏம்மா தூக்கறே? ஸ்டீயரிங்கைப் பிடி!"

"ஒரு சந்தேகம் அக்கா..."

"ரெண்டு கையையும் தூக்கறியே! சரணடையறியா?"

வண்டி தானாகவே ஒரு வட்டம் போட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது. நல்ல வண்டி.

மூன்றாவது வகுப்பிலோ நான்காவது வகுப்பிலோதான் அது நடந்தது. அக்கா முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த பாடம், மேலே இருக்கிற கண்ணாடியை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது. அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் முதல் மாணவி. ஏனென்றால் கண்ணாடியில் பாப்பா தெரிந்தாள். முன்னால் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். பாப்பா எப்போதும் இடது கட்டைவிரலைத்தான் சப்புவாள். வலது கையைத் தொடவே மாட்டாள். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தேன். வலது கட்டைவிரல்!

"ஐயோ அக்கா! பாப்பாவுக்குக் கை மாறிடுச்சு!"

பிரேக். அக்காவின் நெற்றி டாஷ்போர்டில் இடிக்காமல் ஒரு விரற்கடையில் நின்றது. நான் பின்னால் திரும்பினேன். பாப்பா நிம்மதியாக இடது விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தேன். வலது. திரும்பினேன். இடது.

"கண்ணாடிம்மா அது!" அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணாடியில எல்லாம் மாறித்தான் தெரியும். இதுகூடவா உன் எலும்பு சார் சொல்லித் தரலை?"

எனக்குள் ஏதோ ஒன்று 'டக்'கென்று விழுந்தது. எந்த உறுப்பு என்று கேட்காதீர்கள். பின்சீட்டு. கண்ணாடி. இடது வலதாகத் தெரிகிறது. சுற்றிலும் கறுப்புச் சட்டம்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றேன். கண்ணீர் அஞ்சலிக் கட்டம் இல்லை அது. மேலே நடுவில் ஒரு சின்னக் குமிழ்கூட இருந்தது, கண்ணாடியைத் திருகி மாட்டுகிற இடம். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் எட்டிப் பார்த்தால் பின்சீட்டு எப்படித் தெரியுமோ, அப்படி வரைந்திருந்தார்கள். கார் ஓட்டாத ஒருவர் ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் அது தெரியாது.

கத்தவேண்டும் போல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொன்னால், "சரி, கார் வாங்கலாம், யார் ஓட்டறது?" என்று ஒரே கேள்வியில் என்னை உட்கார வைத்துவிடுவார். முதலில் லைசென்ஸ். பிறகு இதயம்.

அதுவரை பால் எடுக்கும்போதெல்லாம் அவர் கேட்பார்: "என்ன, ஏதாவது வட்டம் அழிஞ்சுதா?"

"உங்க வட்டம் அழியுமாங்க?" என்பேன், பவ்யமாக. பவ்யம் கான்வென்டில் தனிப் பாடம். அதில் நான் பதக்கம் வாங்கியவள்.

லைசென்ஸ் பரீட்சை அன்று, பரீட்சை அதிகாரி காரில் ஏறியதும், பழக்கதோஷத்தில் மரியாதையாக எழுந்து நின்றேன். கூரையில் மண்டை இடித்தது. அவர் "உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். "இடது பக்கம் திருப்புங்க" என்றார். "யாரோட..." என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கல்யாணம் என்பது தொற்றுவியாதி. விழுங்கிவிட்டுத் திருப்பினேன். சாலையை ஒரு முறை பார்த்தால் கண்ணாடியை இரண்டு முறை பார்த்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் பார்த்தேன். "இவ்வளவு தடவை கண்ணாடி பார்க்கறவங்களை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லி அதிகாரி என்னைத் தேற்றினார். தேர்ச்சியும் கொடுத்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அக்கா பேப்பர் வாங்க வந்தார். அன்று மட்டும் வாசலிலேயே நிற்காமல் உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சினிமா பார்க்க வந்தவர் மாதிரி. என் வீட்டுக்காரர் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏங்க, அந்த விளம்பரத்தைக் கண்ணாடியில பாருங்களேன்" என்றேன்.

"கண்ணாடி போட்டுத்தானே பார்த்தேன்."

"போட்டு இல்லீங்க. கண்ணாடியில."

"அதான், இந்தக் கண்ணாடியிலதான். போன மாசம்தான் மாத்தினேன்."

"உங்க கண்ணாடி இல்லீங்க. பெரிய கண்ணாடி."

"பூதக்கண்ணாடியா? எதுக்கு? இவன் பண்ணியிருக்கற தப்பு வெறும் கண்ணுக்கே தெரியும்."

"வெறும் கண்ணுக்குத்தாங்க தெரியுது."

ஃப்ரிட்ஜிலிருந்து படத்தை உரித்தேன். அவர் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அக்கா நாற்காலியோடு பின்னால் வந்தார். பீரோக் கண்ணாடி முன்னால் அவரை நிறுத்தி, படத்தை அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன்.

"இப்போ சொல்லுங்க. இதயம் எந்தப் பக்கம்? அவளோட பக்கம் சொல்லுங்க."

அவர் பார்த்தார்.

"இடது" என்றார், ரொம்ப மெதுவாக.

"கல்லீரல்?"

"வலது."

"சுத்தி இருக்கறது அஞ்சலிக் கட்டம் இல்லீங்க. ஓட்டறவர் பார்க்கற கண்ணாடியோட சட்டம். அவர் பின்சீட்ல இருக்கற பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கறார். அதைத்தான் வரைஞ்சிருக்காங்க. நீங்க கிறுக்கல்னு சொன்ன கடைப் பலகையையும் கொஞ்சம் படிங்க. இப்போ நேரா இருக்கும்."

அவர் பீரோவுக்குப் பக்கத்தில் போய், மூக்குக் கண்ணாடி பெரிய கண்ணாடியில் முட்டும்படி குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கண்... ணாடிக் கடை. இங்கே... கண் பரிசோதனை... இலவசம்."

அக்கா சிரித்த சிரிப்பில் பாப்பா விழித்துக்கொண்டாள். விழித்தால் அழுவாள். ஆனால் அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

"விலா எலும்பு பதிமூணு!" என்று கத்தினார் எலும்பு சார். "அதைக் கண்ணாடியில காட்டினா பன்னிரண்டாயிடுமா? கழுத்துல எட்டு! கட்டைவிரல்ல மூணு!"

"இருக்கட்டுங்க. அதெல்லாம் உங்களுக்கே. நீங்க கேட்டது ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

"சாட்சி நான்" என்றார் அக்கா.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, புருவம் மெல்ல மேலே போனது. கடைசி எலும்பு அகப்பட்டுவிட்டது.

"சரி. சொன்ன சொல் சொன்னதுதான். கார் வாங்கறேன். வாசல்ல நிறுத்தறேன். நிறுத்தறேன்னுதானே சொன்னேன்? நிக்கட்டும். யார் ஓட்டறது? எனக்குத் தோள்பட்டை மூட்டுல..."

லைசென்ஸை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என் புகைப்படத்தைப் பார்த்தார். அவர் கை தானாகச் சட்டைப் பையில் சிவப்புப் பேனாவைத் தேடியது.

"இதுல உன் காது..."

"சார்" என்றார் அக்கா, "பூந்தொட்டி."

பேனா பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

மறுநாள் இல்லாவிட்டாலும் அந்த மாதத்துக்குள் கார் வந்தது. அதே கார். என் விடுமுறை முடிந்து, பாப்பா முதல் முறையாகக் காப்பகத்துக்குப் போகிற காலை. நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் அக்கா, பாலம் தாண்டும் வரை துணைக்கு. பின்சீட்டில் இருக்கையில் பட்டை மாட்டிய பாப்பா. அவளுக்குப் பக்கத்தில், முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, எலும்பு சார். ஹெல்மெட் போட்டிருந்தார். கேட்டதற்கு, பழக்கம் என்றார்.

மேம்பாலம் வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. வயிறா குடலா என்று அவர் கேட்கவில்லை. அவருக்கும் கலக்கியிருக்க வேண்டும். பாலத்தின் உச்சியில் பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் கத்தவில்லை. கையைத் தூக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஒதுங்கி, வழிவிட்டேன். லாரி போய்விட்டது. பாப்பாவின் இரண்டு காலுறையும் காலிலேயே இருந்தன.

பாலம் இறங்கியதும் பின்னால் ஒரு செருமல் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். தலையைச் சீவிக்கொண்டிருந்தார். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே முன்னால் சாய்ந்து, என் கண்ணாடி முழுக்க அவர் முகமாக நிறைந்து, கையைச் சரியான பக்கத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, கல்யாணமான புதிதில் கன்னத்துக் குழியைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொன்னார்:

"அந்த விளம்பரத்துல ஒரு வரி மட்டும் சரியாத்தான்டி போட்டிருந்தான். பின்சீட்டில் இருப்பது உங்கள் இதயம்!"

"ஆமாங்க" என்றேன். "கொஞ்சம் நகருங்க, இதயம் தெரியலை."